சீட் கொடுத்தால் மட்டும் போதுமா?

அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பிள்ளைகள் சான்றிதழ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். குறுவட்டம், மாவட்டம், குடியரசு தினப் போட்டி என்று ஆறாம் வகுப்பிலிருந்து ஓடிச் சேர்த்தது எல்லாம் அந்த ஃபைலில் இருக்கும்.

விளையாட்டு ஒதுக்கீட்டால் நம் பிள்ளைகளுக்கு நிறைய நல்லது நடந்திருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள், எம்.பி.பி.எஸ்.ஸில் 7 இடங்கள், அரசு வேலையில் 3 சதவீதம். சென்னை ஐஐடிகூட 2024 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டு வீரர்களுக்கென்று கூடுதலாக 2 இடங்கள் கொடுக்கிறது, அதில் ஒன்று பெண்களுக்கு மட்டும். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும் என்பதால் என் பிள்ளைகளுக்கு அது எட்டாத தூரம். இருந்தாலும் மனதார வரவேற்கிறேன்.

என் கவலையெல்லாம் சீட் கிடைத்த பிறகு நடப்பதைப் பற்றித்தான்.

என்னிடம் ஒரு மாணவி, டிரிபிள் ஜம்ப். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். ஒரு படிவத்தில் சீல் விட்டுப்போனதற்காக அப்பாவும் மகளும் ராத்திரி பஸ் ஏறிச் சென்னைக்குப் போய் வாங்கி வந்தார்கள். பொறியியல் சீட் கிடைத்த அன்று ஸ்டாஃப் ரூம் முழுக்க லட்டு கொடுத்தாள். முதல் செமஸ்டரிலேயே சிக்கல் ஆரம்பித்துவிட்டது. நாலே முக்கால் வரை லேப், ஐந்து மணிக்குக் காலேஜ் பஸ். மைதானம் இருக்கிறது, தாண்டுவதற்கு மணல் குழி கிடையாது. போட்டிக்குப் போன வாரம் நடந்த இன்டர்னல் தேர்வை மறுபடி வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது செமஸ்டரில் தாண்டுவதை விட்டுவிட்டாள். போன பொங்கல் லீவில் வந்தவள் தன் ஸ்பைக்ஸ் ஷூவைப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்து, "நைன்த் பாப்பா யாருக்காவது குடுங்க சார்" என்றாள். முள்ளெல்லாம் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். விளையாட்டைக் காட்டி வாங்கிய சீட், விளையாட்டையே நிறுத்திவிட்டது.

விதியே இல்லை என்று சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 75 சதவீத வருகை வேண்டும், முன்அனுமதி வாங்கிப் போட்டிக்குப் போனவர்களுக்கு 65 வரை தளர்வு உண்டு. ஆனால் ஒரு கேம்ப், ஒரு மாநிலப் போட்டி, ஒரு தேசியப் போட்டி என்று போனால் அந்தப் பத்து சதவீதம் எந்த மூலைக்கு? தவறவிட்ட தேர்வை யார் வைப்பது, விட்டுப்போன பாடத்தை யார் நடத்துவது? அதற்கெல்லாம் ஒரு வழி செய்யாமல் வருகைப் பதிவை மட்டும் தளர்த்துவதில் பாதிப் பலன்தான்.

தனியார் கல்லூரிகள் வேறு மாதிரி. ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம் என்று வீடு தேடி வந்து அழைத்துப்போகிறார்கள். நல்ல கோச், நல்ல சாப்பாடு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் என் கபடிப் பையன் ஒருவனுக்கு இரண்டாம் வருடத்தில் முட்டி ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரிப்பதற்குள் ஹாஸ்டல் ஃபீஸ் கேட்டு வீட்டுக்குப் போன் வந்துவிட்டது. "எழுதி எதுவும் வாங்கலையே சார்" என்று அவன் அம்மா என்னிடம் அழுதார். அந்தக் கல்லூரி ஜெயித்த கோப்பையை அந்தக் காலால்தானே ஆடி வாங்கிக் கொடுத்தான்?

மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவில் தேர்வாகும் பிள்ளைக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு வருகிறது. ஆட ஆட வருகிற உதவி அது. கல்லூரிச் சலுகையும் அப்படித்தான் இருக்க வேண்டும், வாசலோடு நின்றுவிடக் கூடாது. போட்டி நாளில் வரும் தேர்வுக்கு மறுதேர்வு, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பயிற்சி, அடிபட்டாலும் படிப்பு முடியும்வரை சலுகை. இந்த மூன்றையும் அட்மிஷன் ஆர்டரிலேயே அச்சடித்துக் கொடுக்கட்டும்.

அதுவரை பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் மைதானத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள், அங்கே யாராவது ஆடுகிறார்களா என்று. அப்புறம், வாயால் சொல்வது எதையும் நம்பாமல் லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூட ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.