‘எக்ஸ்பெரிமென்டல்’ விமானம் என்றால் அனுமதி இல்லாத விமானமா?

அமெரிக்காவில் சில சிறிய விமானங்களின் கதவருகே ‘எக்ஸ்பெரிமென்டல்’ (சோதனை நிலை) என்று பெரிதாக எழுதியிருக்கும். அதைக் காட்டி, “இவை யாரும் சோதிக்காத, அரசு அனுமதி பெறாத விமானங்கள்” என்கிறார்கள். இது தவறு.

அந்தச் சொல் அங்கே ஒரு சட்டப் பிரிவின் பெயர். ஆய்வு, பந்தயம், கண்காட்சி, ஆர்வலர்கள் தாங்களே கட்டும் விமானம் எனப் பல இதில் அடங்கும். போயிங் 787கூட சான்றிதழுக்கு முந்தைய சோதனைகளில் இந்தப் பிரிவில்தான் பறந்தது. 1986இல் நடுவில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானமும் இந்த வகையே.

வீட்டில் கட்டிய விமானம் என்றாலும் அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ சார்பில் ஆய்வு நடந்து, தகுதிச் சான்று கொடுத்த பிறகுதான் பறக்கலாம். அப்புறமும், குறிப்பிட்ட பகுதிக்குள், பயணிகள் இல்லாமல், வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பு உண்டு.

சரி, அப்படியானால் முழுப் பாதுகாப்பா? அப்படியும் சொல்ல முடியாது. தொழிற்சாலை விமானங்களுக்கான வடிவமைப்புச் சான்று இவற்றுக்குக் கிடையாது. விபத்து விகிதமும் அதிகம். அதனால்தான் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றத் தடை இருக்கிறது. ஏறுபவர் கண்ணில் படவே அந்த எழுத்துகள் கதவருகே இருக்கின்றன.