தமிழில் மொய் வேண்டாம், இங்கிலீஷில் வேண்டும்

அறுநூறு பத்திரிகையும் வந்து இறங்கிவிட்டது. அக்கா பெண்ணின் கல்யாணம். முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவப் போன அக்காவை "கொஞ்சம் இரு" என்று நிறுத்திவிட்டு ஆங்கிலப் பக்கத்தைப் படித்தேன். தங்கள் வருகையை வேண்டுகிறோம் என்று இருக்க வேண்டிய இடத்தில் தங்கள் பரிசுகளை வேண்டுகிறோம் என்று இருக்கிறது! பிரசென்ஸ் என்ற சொல்லின் கடைசியில் சி, ஈ போய் டி, எஸ் உட்கார்ந்திருக்கிறது. எதிர்ப் பக்கத்தில், தமிழில், தங்க எழுத்தில், "அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்".

நான் பார்க்காமல் விட்டேனா? முதல் புரூஃப் வாட்ஸ்ஆப்பில் வந்தபோதே சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். "ஓகே சார், மாத்திட்டேன்." இரண்டாவது புரூஃபில் அது சரியாகிவிட்டது, ஆனால் கீழே 'வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ்' வரியில் ஐ போய் ஈ வந்திருந்தது. ஐ போட்டால் வாழ்த்து, ஈ போட்டால் குறையை நிரப்புவது. அதற்கும் வட்டம். இது சரிப்படாது என்று சைதாப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துப் பாரிமுனை போய், ஆண்டர்சன் தெருவில் அந்த டிடிபி தம்பி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகச் சொல்லித் திருத்த வைத்தேன். திரையில் எல்லாம் சரியாக இருந்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நான் படி இறங்கியதும் அவர் அச்சுக்குப் பிளேட் போட அனுப்பியது முதல் நாள் ஃபைலை.

போன் செய்தால், "கம்ப்யூட்டர்ல சிவப்புக் கோடே வரலையே சார்" என்கிறார். எப்படி வரும்? இரண்டுமே அகராதியில் இருக்கிற சொல். நாம் ஆளைக் கூப்பிடுகிறோமா, பரிசைக் கேட்கிறோமா என்று அந்தக் கோட்டுக்கு எப்படித் தெரியும்? ஊரெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் உடம்பு இளைக்க விளம்பரம் ஒட்டி, வெயிட் லூஸ் என்று ஒரு ஓ போட வேண்டிய இடத்தில் இரண்டு ஓ போடுகிறார்களே, அதற்கும் கோடு வராது. இந்தக் கடை போர்டிலேயே ஸ்டேஷனரி தப்பு. ஈ போட்டால் பேனா, காகிதம். ஏ போட்டால் அசையாமல் நிற்பது. ஒரு காலத்தில் ஊர் சுற்றி விற்காமல் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவரை ஸ்டேஷனர் என்றார்கள், அவர் கடைச் சரக்கு ஸ்டேஷனரி ஆனது. என்வலப்புக்கு ஈ, ஸ்டேஷனரிக்கும் ஈ என்று ஆறாம் வகுப்பில் டீச்சர் சொன்னது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

இத்தனைக்கும் மேலே அவர் கடைசியாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. "புரியுதுல்ல சார், அது போதாதா?" போதாது! இதே தம்பி தமிழ்ப் பக்கத்தில் மணமகளுக்கு மூன்று சுழி ண ஒழுங்காகப் போட்டிருக்கிறார். அங்கே இரண்டு சுழி விழுந்திருந்தால் புரியுதுல்ல என்று சொல்லியிருப்பாரா? மாப்பிள்ளையின் அப்பா மொய்யே வாங்கக் கூடாது என்று முதல் பேச்சிலேயே சொன்ன மனுஷர். அவர் ஆபீஸ்காரர்கள் படிக்கப் போவது ஆங்கிலப் பக்கத்தை மட்டும்தான்.

ஸ்டிக்கர் அடித்துத் தருகிறாராம், ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். அறுநூறு ஸ்டிக்கர். ஒட்டுவது யார்?

அப்புறம், பத்திரிகை முழுக்க இந்த ஜிகினாத் தூளை யார் கேட்டது? காலையில் பிரித்த கட்டு, ராத்திரி என் தயிர் சாதத்தில் மின்னுகிறது.