பிணவறைக்கு எதற்குப் படிக்கட்டு?

போர்க்காலக் கொடுமைகளுக்கான இடங்களை வடிவமைத்த கட்டடக் கலைஞர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு பதில் தயாராக இருக்கும். அவர் பிளான்தான் போட்டார், கொன்றவர்கள் வேறு யாரோ என்று. எனக்கு இந்த வாதம் செல்லுபடியாகவே தோன்றவில்லை.

சிமெண்ட் விற்றவர் தெரியாது என்று சொன்னால் நம்பலாம். லாரி ஓட்டியவர் சொன்னாலும் நம்பலாம். வரைபவர் அப்படிச் சொல்ல முடியாது. எத்தனை பேர் வருவார்கள், எந்த வழியாக வருவார்கள், காற்று எப்படிப் போகும், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்காமல் ஒரு கோடுகூட இழுக்க முடியாத வேலை அது.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களைக் கொன்ற ஆஷ்விட்ஸ்-பிர்கெனா முகாமின் இரண்டாவது எரியூட்டும் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் போட்ட பிளானில் நிலத்தடிப் பிணவறைக்குச் சடலங்களைச் சறுக்கி இறக்க ஒரு சரிவு இருந்தது. 1942 டிசம்பரில் முகாமின் கட்டடக் கலைஞர் வால்டர் டெயாக்கோ வரைந்த திருத்தத்தில் சரிவைக் காணோம், படிக்கட்டு வந்திருக்கிறது. பிணம் படியிறங்கி நடக்குமா? பிணவறைக் கதவும் மாறியது. உள்பக்கம் திறக்க வேண்டியதை வெளிப்பக்கம் திறக்கும்படி ஆக்கினார்கள். உள்ளே செத்தவர்கள் கதவோடு சரிந்து கிடந்தால் உள்பக்கம் தள்ளித் திறக்க முடியாது அல்லவா? பிணவறை விஷவாயு அறையாக மாறிக்கொண்டிருந்தது. அதே முகாமின் குடிசைகளுக்கான பிளானில் ஒரு குடிசைக்கு 550 பேர் என்றிருந்ததை அடித்துவிட்டு 744 என்று எழுதியிருக்கிறார்கள். கட்டடம் ஓர் அடிகூட வளரவில்லை.

டெயாக்கோவும், பௌஹாஸ் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளியில் படித்த அவருடைய சக கட்டடக் கலைஞர் ஃபிரிட்ஸ் எர்ட்லும் 1972-இல் வியன்னாவில் விசாரிக்கப்பட்டார்கள். இருவருக்கும் விடுதலை. அவர்களுடைய மேலதிகாரி கார்ல் பிஷோஃப் நீதிமன்றப் படியே ஏறாமல் 1950-இல் இறந்துபோனார்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அந்த விஷவாயு அறைகளில் பயன்பட்ட ஸைக்லோன் பி விஷத்தை விநியோகித்த புரூனோ டெஷை, பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி 1946-இல் தூக்கில் போட்டார்கள். அந்த விஷம் பேன் ஒழிக்கவும் பயன்பட்டது, ஆகவே அவருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை, சரிதான். ஆனால் உயிரோடு இருப்பவர்கள் இறங்குவதற்காகப் பிணவறைக்குப் போட்ட படிக்கட்டுக்கு என்ன சாக்கு? விஷம் விற்றவருக்குத் தூக்கு, அறை வரைந்தவருக்கு விடுதலை. குற்றத்தின் அளவு இந்த வித்தியாசத்தைத் தீர்மானித்தது என்று நான் நம்பவில்லை. எந்த நாட்டில், எந்த ஆண்டில் மாட்டினார்கள் என்பதுதான் தீர்மானித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், யூதப் படுகொலையை மறுத்த எழுத்தாளர் டேவிட் இர்விங் தொடுத்து 2000-இல் லண்டனில் நடந்த அவதூறு வழக்கில் இதே வரைபடங்கள் விஷவாயு அறைகளுக்கான ஆதாரமாக அலசப்பட்டன. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ராபர்ட் யான் வான் பெல்ட் படிக்கட்டையும் கதவையும் விளக்கிச் சாட்சி சொன்னார். இர்விங் தோற்றார்.

ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பியருக்கு 20 வருடச் சிறை கிடைத்ததே என்பார்கள். அது ஆயுத அமைச்சராக அடிமை உழைப்பைப் பயன்படுத்தியதற்கு. அவர் வரைந்த எதற்காகவும் அல்ல.

அதற்காக எல்லாரையும் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. புகன்வால்ட் என்ற இன்னொரு நாஜி முகாமின் வாயிற்கதவின் எழுத்துகளை வடிவமைத்த ஃபிரான்ஸ் எர்லிஹும் பௌஹாஸ் மாணவர்தான். ஆனால் அவர் அங்கே கைதி. டெயாக்கோவும் எர்ட்லும் முகாம்களை நடத்திய எஸ்எஸ் என்ற நாஜிப் படையின் அதிகாரிகள். சாதாரணப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்து, பின்னால் யாரோ அதைச் சித்திரவதைக் கூடமாக்கினால் அதற்கும் கட்டியவர் பொறுப்பல்ல. என் கேள்வி, பயன்பாடு தெரிந்து அதற்கேற்றபடி பிளானைத் திருத்தியவர்களைப் பற்றியது.

இன்றைய சட்டம் இங்கேதான் தடுமாறுகிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனம், 25-ஆம் பிரிவில், குற்றம் செய்ய வசதி செய்து கொடுப்பவரையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் குற்றத்துக்கு உதவும் நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும் என்கிறது. கட்டணம் வாங்குவது மட்டுமே என் நோக்கம் என்று எந்த ஆர்க்கிடெக்டும் சொல்லிவிடலாம். அடுத்த உட்பிரிவு கொஞ்சம் தேவலை. ஒரு கூட்டம் சேர்ந்து செய்யும் குற்றமாக இருந்தால், அந்தக் கூட்டத்தின் எண்ணத்தை அறிந்தே பங்களித்தார் என்று காட்டினால் போதும். வழக்குத் தொடுப்பவர்கள் அந்த உட்பிரிவைப் பிடித்துக்கொண்டு, முதல் பிளானையும் திருத்திய பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் எந்தத் தேதியில் ஏன் மாற்றினார் என்று கேட்க வேண்டும். அதைப் படித்துக் காட்ட, குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் தொழில் தெரிந்த ஒருவரும் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டும்.