அம்மாக்கள் நடந்ததற்கே பயந்தார்கள்

"போட்டோவைத் தூக்கிப் பிடிச்சுட்டு நின்னா சர்வாதிகாரி பயந்துடுவானா?" என்று, காணாமல் போன பிள்ளைகளுக்காகப் போராடிய அம்மாக்களைப் பற்றிய கட்டுரைக்குக் கீழே ஒரு நண்பர் நக்கலாகக் கேட்டிருக்கிறார். பயந்தார்கள் சார். அர்ஜென்டினாவைப் பாருங்கள்.

1977 ஏப்ரல் 30. ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, தலைநகர் புவெனஸ் அயர்ஸில் அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் 14 பெண்கள் கூடினார்கள். கும்பலாக நிற்காதே, நகரு என்றது போலீஸ். சரி என்று ஜோடி ஜோடியாகக் கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்! பிறகு, ஒருவரையொருவர் அடையாளம் தெரிய, குழந்தைக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள்.

இவர்களால் ஒன்றும் ஆகாது என்றால், காணாமல் போனவரின் சகோதரன் என்று நடிக்க வைத்து ஆல்பிரெடோ அஸ்டிஸ் என்ற கடற்படை அதிகாரியை ராணுவ ஆட்சி ஏன் இவர்கள் கூட்டத்துக்குள் நுழைக்க வேண்டும்? அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று, காணாமல் போனவர்களின் பெயர்களை அம்மாக்கள் காசு கொடுத்துப் பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டார்கள். அதே நாளில் அவர்களின் தலைவி அசுசேனா வில்யாஃப்ளோர் கடத்தப்பட்டார். அவருடைய எலும்புகள் அடையாளம் காணப்பட்டது 2005-இல். அஸ்டிஸுக்கு ஆயுள் தண்டனை 2011-இல். ரொம்பத் தாமதம்தான், மறுக்கவில்லை.

கட்டுரையாளர் அர்ஜென்டினாவில் நடந்த 1978 உலகக் கோப்பையையும் சேர்த்திருக்கலாம். கால்பந்து தொடக்க விழா நடந்த அன்று நெதர்லாந்து டிவிக்காரர்கள் இந்த அம்மாக்களிடம் வந்து கேமராவை வைத்தார்கள்.