கன்வர்ஜ் ஆகாத ரன் சொல்வதைக் கேளுங்கள்

ஆர்சி பீமை (கம்பி வைத்த கான்கிரீட் உத்தரத்தை) அபாகஸ் என்ற கணினி மென்பொருளில் நான்லீனியராக, அதாவது விரிசலையும் நொறுங்கலையும் சேர்த்து, ஓட்டுகிற மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "சார், அபாகஸ் பாதியிலேயே நின்றுவிடுகிறது. எந்த செட்டிங்கை மாற்றினால் முழுசா ஓடும்?"

சுமையேற்றும் ஒவ்வொரு படியிலும் (இன்கிரிமென்டிலும்) கணக்கு சமநிலைக்கு வந்து சேர்வதுதான் கன்வர்ஜ் ஆவது; சேராவிட்டால் ரன் நின்றுவிடும். ஓடவைப்பது சுலபம். கணக்கு எளிதில் சேரச் செயற்கையாகக் கொடுக்கும் விஸ்காசிட்டி பாராமீட்டரைக் கூட்டி, 0.005 என்று இருக்கும் ரெசிடியூவல் டாலரன்ஸை (சமநிலையில் மிஞ்சும் விசைக்கு அனுமதிக்கும் எல்லையை) 0.05 ஆக்கினால் பல ரன்கள் கடைசிவரை போய்விடும். ஆனால் அதில் கிடைக்கும் சுமை உங்கள் பீமின் சுமைதானா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த எண்ணை நம்பி ஒருவர் ஆய்வேடு எழுதுவார், அதைப் படித்து இன்னொருவர் கம்பியைக் குறைப்பார். அதனால்தான் இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. எங்கே நின்றது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

முதல் இன்கிரிமென்டிலேயே நின்றால் கான்கிரீட் மாடலைக் குடைய வேண்டாம். கம்பியைக் கான்கிரீட்டோடு இணைக்காமல் (எம்பெட் செய்யாமல்) விட்டிருக்கலாம், சப்போர்ட்டில் ஒரு திசை கட்டப்படாமல் இருக்கலாம். அபாகஸ் எழுதும் மெசேஜ் ஃபைலில், ஏதோ ஒன்று கட்டப்படாமல் இருக்கலாம் என்று காட்டும் ஜீரோ பிவட் எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள். முதல் விரிசல் விழும் கட்டத்தில் நின்றால், சுமையைக் கொடுத்தீர்களா, இடப்பெயர்ச்சியைக் கொடுத்தீர்களா? விரிசல் விட்டதும் பீம் தாங்கும் சுமை கொஞ்சம் இறங்கும். சுமையை ஏற்றிக்கொண்டே போனால், அந்த இறக்கத்தில் சமநிலையைத் தேடும் நியூட்டன்-ராப்சன் முறைக்குப் பக்கத்தில் சமநிலைப் புள்ளியே இருக்காது. இடப்பெயர்ச்சியாகக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்கிறது.

அந்த மெசேஜ் ஃபைலிலேயே எந்த நோடில் (மாடலைப் பிரித்த சிறு துண்டுகளான எலிமென்ட்கள் சேரும் புள்ளியில்) ரெசிடியூவல் அதிகம் என்றும் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் உதவி கேட்பவர்கள்தான் அதிகம், எனக்கு அதில் வருத்தம். பெரும்பாலும் அந்த நோடு சுமை விழும் இடத்துக்கு அடியிலோ சப்போர்ட்டின் மேலோ இருக்கும். ஒற்றை நோடில் மொத்தச் சுமையையும் ஏற்றினால் அங்குள்ள எலிமென்ட் நொறுங்கத்தான் செய்யும். ஆய்வகத்தில் ஸ்டீல் பிளேட் வைத்துத்தானே அழுத்துகிறோம், மாடலிலும் வையுங்கள். இன்னொன்று, அபாகஸில் உள்ள கான்கிரீட் டேமேஜ்டு பிளாஸ்டிசிட்டி மாடலில் ஃப்ளோ நான்-அசோசியேட்டட், அதாவது நிரந்தரத் திரிபின் திசை வலிமை எல்லைப் பரப்புக்குச் செங்குத்தாக இருக்காது. அதனால் ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸ் சமச்சீராக இருக்காது. அன்சிமெட்ரிக் சால்வரைத் தேர்ந்தெடுங்கள்.

இழுவிசைப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். விரிசலுக்குப் பிந்தைய சரிவைத் திரிபாக உள்ளிட்டால் விடை மெஷ் (எலிமென்ட்) அளவுக்குத் தக்கபடி மாறும். ஹில்லர்போர்க் 1976-லும், பஸாந்தும் ஓவும் 1983-லும் இதற்கு முறிவு ஆற்றல் (ஓர் அலகுப் பரப்பில் விரிசல் திறக்கச் செலவாகும் ஆற்றல்) வழியாகத் தீர்வு சொல்லிவிட்டார்கள். சராசரி வலிமை 38 மெகாபாஸ்கல் உள்ள கான்கிரீட்டுக்கு மாடல் கோடு 2010 என்ற கான்கிரீட் வடிவமைப்பு விதித்தொகுப்பின் சூத்திரம் தரும் முறிவு ஆற்றல் மீட்டருக்குச் சுமார் 140 நியூட்டன். நியூட்டன்-மில்லிமீட்டர் அலகில் அது 0.14. மறந்துபோய் 140 என்றே போட்டால் என்ன ஆகும்? ரன் அழகாகக் கன்வர்ஜ் ஆகும்! இழுவிசை வலிமை இறங்கவே இறங்காத கான்கிரீட்டுக்குச் சால்வர் ஏன் திணற வேண்டும்? ஆயிரம் மடங்கு தப்பு, ஒரு எச்சரிக்கைகூட வராது. சரியான மதிப்பைப் போட்டவர் கட்பேக்குகளோடு (சால்வர் படியைச் சிறிதாக்கி மறுபடி முயல்வதோடு) மல்லுக்கட்டுவார். இந்த இருவரில் எனக்கு நம்பிக்கை தருபவர் இரண்டாமவர்.

விஸ்காசிட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்டெப் நேரத்தோடு ஒப்பிட அது மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ஒரு மதிப்பில் ஓட்டி, அதைப் பத்தில் ஒரு பங்காக்கி மறுபடி ஓட்டுங்கள். உச்சச் சுமை அசைந்தால் முதலில் வந்த எண்ணில் செயற்கை விஸ்காசிட்டியின் பங்கும் இருக்கிறது. ஆய்வேட்டில் அந்த மதிப்பை எழுதாதவர்களிடம் வைவாவில் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

சில சமயம் நின்றுபோனதே விடையாகவும் இருக்கும். பெர்க்லியில் பிரெஸ்லரும் ஸ்கோர்டெலிஸும் 1963-இல் வெளியிட்ட 12 பீம் சோதனைகளில் ஓஏ வரிசைக்கு ஸ்டிரப்பே (குறுக்குக் கம்பி வளையமே) கிடையாது. மூலைவிட்டமாக ஒரு விரிசல் ஓடியது, பீம் திடீரென்று உடைந்தது. அந்த பீமை மாடல் செய்து, சாய்ந்த விரிசல் பரவும் சுமையில் ரன் நின்றால், சோதனையில் உடைந்த சுமையோடு ஒப்பிடுங்கள். அருகில் இருந்தால் அதற்கு மேல் ஓடவைக்க ஏன் துடிக்கிறோம்? உங்கள் சொந்த பீமுக்குப் போகும் முன் இந்த வரிசையில் ஒன்றையாவது ஓட்டிப் பாருங்கள்.

உச்சத்துக்குப் பிந்தைய சரிவு கட்டாயம் வேண்டும் என்றால் சமநிலையைத் தேடாமல் நேரத்தைச் சிறுசிறு அடிகளாக நகர்த்தும் எக்ஸ்பிளிசிட் முறைக்குப் போகலாம். அங்கே கன்வர்ஜென்ஸ் என்ற சோதனையே இல்லை, ஆகவே பொறுப்பு முழுக்க நம்மிடம். இயக்க ஆற்றல் உள் ஆற்றலில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா பாருங்கள். சப்போர்ட் ரியாக்‌ஷன்களின் கூட்டுத்தொகையையும் லோடிங் பிளேட்டின் விசையையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். இரண்டும் ஒட்டிப் போகாவிட்டால் சுமையேற்றும் வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டிவிட்டு எனக்கு அனுப்புங்கள். நேரம் ஒதுக்கிப் பார்க்கிறேன்.