கூரையில் கை வைக்காதீர்கள்

இரண்டாவது குழந்தை பிறந்துவிட்டது. இரண்டே இருக்கை உள்ள காரை இனி வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1996ஆம் ஆண்டு மஸ்தா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர். லண்டனில் சாலைக்கு உப்புத் தூவும் மாதங்களில் வெளியே எடுத்ததே இல்லை. 11 வருட ரசீதுகளும் ஒரு கோப்பில் இருக்கின்றன. விற்பனை விளம்பரத்தில் 5,500 பவுண்டு என்று விலை போட்டு, ‘ஓட்டுவதில் உண்மையான ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும்’ என்றும் எழுதித் தொலைத்தேன். புத்தி கெட்ட வேலை!

முதலில் வந்தவர் வாசலிலேயே பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். முன்னும் பின்னும் எடை சரிபாதியாம், பின்சக்கர இயக்கமாம், 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானதாம். எல்லாம் சரிதான், மனப்பாடம் பிரமாதம். பேசிக்கொண்டே, மடங்கும் துணிக்கூரையின் இரண்டு கொக்கிகளையும் விடுவித்துப் பின்னால் தள்ளினார். ‘ஜிப்!’ என்று நான் கத்துவதற்குள் படீரென்று சத்தம். இந்தக் காரில் பின் ஜன்னல் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். ஜிப்பைத் திறந்து அதைப் படுக்க வைத்த பிறகுதான் கூரையை மடக்க வேண்டும். குளிர்ந்த காலையில் அந்தப் பழைய பிளாஸ்டிக் அப்பளத்துக்குச் சமம். மனிதர் மன்னிப்புக் கேட்டாரா? ‘முன்பே கீறல் இருந்திருக்கும்’ என்றார். பிறகு அதே கீறலைக் காட்டி 500 பவுண்டு குறைக்கச் சொன்னார்! நான் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

அடுத்தவர் எஞ்சின் சூடேறும் முன்பே நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு முறுக்கினார். எண்ணெய் மேலே ஏறவாவது ஒரு நிமிடம் கொடுக்கக் கூடாதா? இன்னொருவர் முகப்பு விளக்குகள் எழுந்து படுப்பதைக் காணொளி எடுத்துக்கொண்டு, தேநீரும் குடித்துவிட்டுப் போனார். புகைக்குழாய் ஏன் உறுமவில்லை, காரை ஏன் தரையோடு தாழ்த்தவில்லை என்று குறைபட்டவர்களுக்குக் கணக்கே இல்லை.

ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். இந்தக் காருக்கு எமன் துரு. கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள வடிகால் துளைகள் வழியாகத்தான் இறங்க வேண்டும். அவை இலைதழையால் அடைத்துக்கொண்டால், கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் தகடு உள்ளிருந்தே அரித்துப் போகும். வருடத்துக்கு இரண்டு முறை மண்டியிட்டு அந்தத் துளைகளைச் சுத்தம் செய்தவன் நான். விஷயம் தெரிந்தவன் முதலில் அங்கேதான் கை வைப்பான். இவர்கள் சக்கரத்தின் பளபளப்பைத் தடவுகிறார்கள்! பதிவு எண்ணைப் போட்டால் எம்ஓடி எனும் வருடாந்திரத் தகுதிச் சோதனையின் வரலாறு 2005 முதல் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதைக்கூடப் பார்க்காமல், ‘சோதனையில் தோற்ற வண்டியா?’ என்று என்னிடமே கேட்கிறார்கள். கோப்பை நீட்டினால், வேண்டாம், நம்புகிறோம் என்கிறார்கள். நம்புகிறவர்கள் ஏன் பாதி விலைக்குக் கேட்கிறார்கள்?

கோபத்தில் நேற்று காரை எடுத்துக்கொண்டு லண்டனுக்குத் தெற்கே உள்ள பாக்ஸ் ஹில் மலைச்சாலை வளைவுகளில் தனியாக ஏறி இறங்கினேன். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு மணிக்கட்டை அசைத்தால் போதும், டக்கென்று விழுகிறது. இதைக் கேட்டு வாங்க ஓர் ஆள் இல்லையா இந்த ஊரில்?

வீட்டுக்கு வந்ததும் விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ‘கூரையை நான்தான் மடக்குவேன்.’ ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்வி வந்தது: ‘ஓ, இது கூரை மடங்கும் காரா?’