ஓடும்போது ஏத்துங்க, ராத்திரி எஞ்சினை அணைச்சிடுங்க

பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போற நம்ம ஊர்க்காரங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு. ராத்திரி தங்குற இடத்துல வண்டி எஞ்சினை ஓடவிட்டு, அதுல பேட்டரி பெட்டிக்கு (லைட்டு, ஃபேன் போட கையில கொண்டு போற லித்தியம் பெட்டி) சார்ஜ் ஏத்துற பழக்கத்தை விட்டுடுங்க. பெட்டியை வாங்குங்க, நல்ல சாமான்தான். வண்டியிலேயே சார்ஜ் ஏத்துங்க, அதுவும் நல்ல யோசனைதான். ஆனா ஏத்த வேண்டியது வண்டி ரோட்டுல ஓடுற நேரத்துல. கோயில்ல போய் இறங்கின பொறவு எஞ்சின் சத்தமே கேக்கக்கூடாது.

நெல்லைச் சீமைன்னு நான் சொல்றது, 1986-ல தூத்துக்குடி தனி மாவட்டமா பிரியறதுக்கு முந்தின பழைய மாவட்டத்தை. இந்தச் சீமையில குடும்பத்தோட வெட்டவெளியில தங்குறதுன்னா அது பெரும்பாலும் குலசாமி கோயில்லதான். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார், மலைக்குள்ள காரையாறு சொரிமுத்து அய்யனார்னு பெரிய கோயில்கள் ஒரு பக்கம். பேரே வெளிய தெரியாம உடங்காட்டுக்குள்ளயும் குளத்தங்கரையிலயும் இருக்கிற சின்னச் சின்ன சாஸ்தா கோயில்கள் எத்தனையோ. சென்னையில கடை வச்சிருக்கிறவங்க, மும்பையில குடியேறினவங்க எல்லாரும் உத்திரத்துக்கு வந்து சேந்துருவாங்க. பொலிரோ பிக்கப்புலயும் குட்டி யானையிலயும் உருளி, அண்டா, அரிசி மூட்டை, பாய், தார்ப்பாய் எல்லாம் ஏத்திக்கிட்டு வந்து ராத்தங்கல் போடுவோம். சின்னக் கோயில் பலதுல கரண்டு கனெக்‌ஷன் பேருக்குத்தான் இருக்கும். ஒரு டியூப் லைட்டுக்கு மேல தாங்காது.

முன்னால இதுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்போம். இப்ப கொஞ்ச காலமா லித்தியம் பேட்டரி பெட்டி வந்திருக்கு. உள்ள பேட்டரி, இன்வர்ட்டர், சார்ஜர் எல்லாம் ஒண்ணா இருக்கும். மூணு பின் பிளக்கை அப்படியே சொருகலாம். புகை இல்ல, சத்தம் இல்ல. கைக்குழந்தை வச்சிருக்கிறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

சிக்கல் எங்க வருதுன்னா, ராத்திரி பத்து மணிக்கு மேல பெட்டியில சார்ஜ் குறைஞ்சதும் ஒருத்தர் எந்திரிச்சு, "அண்ணாச்சி, வண்டியை ஸ்டார்ட் பண்ணி சிகரெட் லைட்டர்ல மாட்டிருவோம்"னு சொல்லுவார். மாட்டிட்டு எல்லாரும் படுத்துருவாங்க. எஞ்சின் விடியிற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும்.

கணக்கைப் பாருங்க. வண்டியில உள்ள அந்த 12 வோல்ட் சாக்கெட்டுக்கு வழக்கமா 10 ஆம்பியர்ல இருந்து 15 ஆம்பியர் வரைக்கும்தான் ஃபியூஸ் இருக்கும். பெட்டியும் அது வழியா 8, 10 ஆம்பியருக்கு மேல இழுக்காது. ஆகக்கூடி ஏறக்குறைய 100 வாட். 1000 வாட்-அவர் பெட்டி, அதாவது ஒரு யூனிட் கரண்டு பிடிக்கிற பெட்டி, நிறையணும்னா 10 மணி நேரத்துக்கு மேல ஆகும். சும்மா நிக்கிற டீசல் வண்டி மணிக்கு முக்கால் லிட்டர் குடிக்குதுன்னு வச்சுக்கிட்டா ஏழரை லிட்டர் போச்சு. ஒரு லிட்டர் டீசல்ல ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கு. 75 யூனிட்டை எரிச்சு ஒரே ஒரு யூனிட்டைப் பெட்டிக்குள்ள போடுறோம். இது நம்ம காசு, நம்ம பிள்ளைங்க மூச்சுல போற புகை.

புகையைப் பத்திக் கொஞ்சம் நின்னு சொல்லணும். பனி விழுகுதுன்னு தார்ப்பாயை மூணு பக்கமும் இறக்கிக் கட்டியிருப்போம். வண்டி பக்கத்துலயே நிக்கும், வயர் நீளம் அவ்வளவுதானே. டீசல் எஞ்சின் புகையில கரித்தூளும் நைட்ரஜன் ஆக்சைடும் இருக்கு. ஆஸ்துமா உள்ள ஆச்சி அந்தப் புகையை ராத்திரி முழுக்க இழுத்தா காலையில நெபுலைசர்தான். பெட்ரோல் ஜெனரேட்டர் இன்னும் மோசம். அது விடுற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குறவன் தூக்கத்துலயே போயிருவான். தயவுசெய்து இதை லேசா எடுத்துக்கிடாதீங்க.

"சாக்கெட்டு வேண்டாம், பெரிய இன்வர்ட்டர் மாட்டி வேகமா ஏத்துவோம்"னு சொல்றவங்களும் இருக்காங்க. 12 வோல்ட்ல இருந்து 1000 வாட் எடுக்கணும்னா இன்வர்ட்டர்ல போற நட்டத்தையும் சேத்து 90 ஆம்பியருக்கு மேல இழுக்கும். ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுத்தும்போது வண்டிக்குக் கரண்டு உண்டாக்குற சாமான்) மேல எழுதியிருக்கிற ஆம்பியர், எஞ்சின் நல்ல வேகத்துல சுத்தும்போது கிடைக்கிறது. வண்டி நகராம ஐடில்ல நின்னா பெரும்பாலும் அதுல பாதிகூடத் தேறாது. அதைக் குளிர வைக்கிற விசிறியும் அதோட தண்டுலயேதான் சுத்துது. எஞ்சின் மெதுவா ஓடினா விசிறியும் மெதுவாத்தான் ஓடும். வேலை அதிகம், காத்து கம்மி. அப்படித்தான் டயோடு போகுது, காயில் கருகுது. இதுல இன்னொரு வீண்செலவும் உண்டு. 12 வோல்ட்டை 230 ஆக்கி, பெட்டிக்குள்ள போனதும் அதை மறுபடியும் இறக்கி பேட்டரிக்குக் குடுக்கிறோம். போக ஒரு நட்டம், வர ஒரு நட்டம்.

சரியான வழி, வண்டி பேட்டரியில இருந்து ஃபியூஸ் வச்சு நேரா வயர் எடுத்து, நடுவுல டிசி டு டிசி சார்ஜர் (230 வோல்ட் ஆக்காம, வண்டி கரண்டை நேரா பெட்டிக்கு ஏத்துற சாமான்) மாட்டுறது. ஈகோஃப்ளோ, புளூட்டி மாதிரி கம்பெனிகள் தங்களோட பெட்டிக்குன்னே இப்படி ஒண்ணை விக்குறாங்க. மத்த பெட்டிகள் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் உள்ள வாங்கும்னு பின்னால எழுதியிருக்கும், அதுக்குத் தக்கன பாத்து வாங்கணும். 40 ஆம்பியர் சார்ஜர்னா ஏறக்குறைய 500 வாட் கிடைக்கும். சாக்கெட்டுல கிடைக்கிறதை விட அஞ்சு மடங்கு. பாளையங்கோட்டையில இருந்து திருச்செந்தூர் பக்கம் லோடு வண்டி ஒன்றரை மணி நேரம் ஓடுனா முக்கால்வாசிக்குப் பக்கத்துல ஏறிரும். சென்னையில இருந்து வர்றவங்களுக்குக் கேக்கவே வேண்டாம், விழுப்புரம் தாண்டுறதுக்குள்ள நிறைஞ்சிரும். வண்டி எப்படியும் ஓடத்தான் போகுது. கூடுதலா செலவாகிற டீசல் ரொம்பக் கொஞ்சம்.

சார்ஜருக்கு இக்னிஷன் வயர் ஒண்ணு கட்டாயம் குடுங்க. சாவியைத் திருப்பினாத்தான் சார்ஜர் வேலை செய்யணும். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாடு வந்ததுக்குப் பிந்தின வண்டிகள் பலதுல ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்கும். அதனால வோல்டேஜைப் பாத்து தானா சேருற ரிலே சுவிட்சை மட்டும் நம்ப முடியாது. இக்னிஷன் வயர் இல்லாம நேரா மாட்டிட்டா, எஞ்சினை அணைச்ச பொறவும் பெட்டி வண்டி பேட்டரியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். வண்டி பேட்டரி செல்ஃப் அடிக்கிறதுக்குன்னு செஞ்சது. 12.6 வோல்ட்ல நிறைஞ்சிருக்கும், 12.2-க்கு வந்துட்டா பாதி காலி. அடிக்கடி அதுக்குக் கீழ இறக்கினா ஆயுசு குறைஞ்சிரும். விடியக்காலையில செல்ஃப் எடுக்காம நின்னா ரோட்டுலன்னா நாலு பேரு தள்ளிரலாம். தேரியில, அந்தச் செம்மணல் மேட்டுல, லோடு வண்டியைத் தள்ளிப் பாருங்க, தெரியும்.

வயர் கனத்துல கஞ்சம் பிடிக்காதீங்க. எஞ்சின் பக்கத்துல இருந்து பின்னால சாமான் ஏத்துற தொட்டி வரைக்கும் 5 மீட்டர்னு வச்சா போக வர 10 மீட்டர். 40 ஆம்பியருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டா வழியிலேயே ரெண்டே முக்கால் வோல்ட் செத்துரும். 12 வோல்ட்ல அது பெரிய களவு. போதாததுக்கு வயரும் சுடும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டா அரை வோல்ட்டுக்கும் கம்மி. குளத்துத் தண்ணி முழுசையும் சின்ன மடை வழியா இறக்கப் பாத்தா என்ன ஆகுமோ அதேதான் ஒல்லி வயருக்கும். ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும். பெட்டி பக்கத்துல வச்சா நடுவுல வயர் உரசித் தீப்பிடிச்சா காப்பாத்த யாரும் இல்ல.

பெரிய லாரி வச்சிருக்கிறவங்களுக்கு: அது 24 வோல்ட், ரெண்டு பேட்டரியைச் சேத்துக் கட்டியிருக்கும். சில எலக்ட்ரீஷியன்கள் 12 வோல்ட் வேணும்னு ஒரு பேட்டரியில மட்டும் வயரைப் பிடிச்சுக் குடுத்துடுறாங்க. ஒரு பேட்டரி காலியாகும், இன்னொண்ணு அளவுக்கு மேல ஏறும், கடைசியில ரெண்டும் போகும். அப்படிச் செய்ய விடாதீங்க. 24 வோல்ட் வாங்குற சார்ஜரே கேட்டு வாங்குங்க.

அப்புறம் நம்ம ஊர் வெயில். இப்ப வர்ற நல்ல பெட்டிகள்ல பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. ஆயுசு அதிகம், தீப்பிடிக்கிற பயம் கம்மி. ஆனா வழக்கமா 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்தக்கூடாது, பெட்டியே நிறுத்திரும். பங்குனி மத்தியானத்துல கண்ணாடி ஏத்தின கேபினுக்குள்ள அந்தச் சூடு சீக்கிரம் வந்துரும். தொட்டியில தார்ப்பாய்க்கு அடியில அமுக்கி வச்சாலும் அதே கதிதான். பெட்டியோட ரெண்டு பக்கமும் காத்து போக இடம் விட்டு, நிழல்ல, தகரத்துல நேரா வைக்காம ஒரு பலகை மேல வைங்க. தேரியில இறக்கினாலும் பலகை மேலதான். அந்தச் செம்மண் மாவு மாதிரி பறக்கும், பெட்டி விசிறி அதை உள்ள இழுத்துரும்.

ஒரு ராத்திரிக்கு என்ன வேணும்? நாலு 9 வாட் பல்பு, ஒவ்வொண்ணும் அஞ்சு மணி நேரம்; கரண்டு கம்மியா இழுக்கிற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ரெண்டு, ஒவ்வொண்ணும் எட்டு மணி நேரம்; பத்து போனுக்கு சார்ஜ், நடுராத்திரி ஆச்சிக்கு ஒரு தடவை நெபுலைசர். எல்லாம் சேந்து 840 வாட்-அவர் பக்கம் வரும். இன்வர்ட்டர் நட்டம் போக 1000 வாட்-அவர் பெட்டி தாங்கிரும். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் அங்க வேண்டாம், விறகடுப்பு எரியிற இடத்துல அதுக்கு என்ன தேவை? ஆத்தங்கரையில, குளிச்ச ஈரத்தோட அந்த பிளக்கைத் தொடக்கூடாதுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லி வைங்க. பெட்டி சின்னதா இருந்தாலும் வர்றது 230 வோல்ட்தான்.

சொரிமுத்து அய்யனார் கோயில் விஷயம் தனி. அது 1988-ல அறிவிச்ச களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு. ஆடி அமாவாசைக்கு அங்க தங்குறவங்க, அந்தக் காட்டுல ராத்திரி இரை தேடுற மிருகங்களும் இருக்குன்னு நினைக்கணும். அங்க ஜெனரேட்டரும் எஞ்சினும் ஓடவே கூடாதுங்கிறது என்னோட உறுதியான கருத்து. தனி வண்டிகளைக் கீழேயே நிறுத்திட்டு அரசு பஸ்ல மேல போகணும்னு கட்டுப்பாடு போடுற சமயத்துல, பெட்டி இன்னும் தோது. ஊர்ல இருந்து பாபநாசம் வர்ற வழியில நிறைஞ்ச பெட்டியைக் கையில தூக்கிக்கிட்டு பஸ் ஏறிரலாம். வண்டி கீழ நிக்கட்டும்.

சோலார் பேனல் போதாதான்னு கேப்பீங்க. நம்ம வெயிலுக்கு 200 வாட் பேனல் நல்லா வேலை செய்யும், பகல் முழுக்க தங்குறவங்க கண்டிப்பா வச்சுக்கிடுங்க. ஆனா 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைச்சுப் பாருங்க. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ரெண்டு கரையும் புரண்டு போச்சு. ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு நூத்துக்கணக்கான பயணிகள் தவிச்சாங்க. கரண்டு இல்ல, போன் இல்ல, உறவுக்காரங்க உசுரோட இருக்காங்களான்னு கேக்க வழியில்ல. அந்த வானத்துக்குக் கீழ பேனல் என்ன செய்யும்? லோடு வண்டிதான் ஓடிச்சு. பாலுக்கும் மருந்துக்கும் போயிட்டு வர்ற வண்டியில இப்படி ஒரு சார்ஜரும் பெட்டியும் இருந்திருந்தா, ரெண்டு மணி நேர ஓட்டத்துல ஒரு தெருவுக்கே போன் சார்ஜ் போட்டிருக்கலாம். ஒரு போனுக்கு 15 வாட்-அவர்னு வச்சா 50 போனுக்கு மேல. உத்திரத்துக்கு வாங்குற சாமான் ஊருக்கு உதவுற நாள் அதுதான்.

விலை ஜாஸ்திதான், மறைக்கல. தனித்தனியா வாங்க எல்லாராலயும் முடியாது. அதனாலதான் கோயில் வரிக்காரங்ககிட்ட (கோயிலுக்கு வரி குடுக்கிற குடும்பங்கள்) இதைப் பேசுறேன். வருஷா வருஷம் ஜெனரேட்டர் வாடகைக்கும் டீசலுக்கும் போற வரிப்பணத்தைச் சேத்து பொதுவுல ஒரு பெட்டி வாங்கலாம். வகையறாவுல யார் வண்டி கோயில் சாமான் ஏத்துதோ அந்த வண்டியில சார்ஜரை நிரந்தரமா மாட்டிரலாம். மத்த நாள்ல பெட்டி ஊர்ல ஒரு பொறுப்பான வீட்டுல, பாதிக்கு மேல சார்ஜோட இருக்கட்டும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏத்தி இறக்கினா போதும்.

உங்க வண்டியில மாட்டணும்னு நினைக்கிறவங்க கீழ எழுதுங்க. வண்டி மாடல், ஆல்டர்னேட்டர் மேல உள்ள ஆம்பியர், பேட்டரியில இருந்து பெட்டி வைக்கிற இடம் வரைக்கும் எத்தனை மீட்டர். இந்த மூணும் இருந்தா எந்த சார்ஜர், எவ்வளவு கனமான வயர், என்ன ஃபியூஸ்னு கணக்குப் போட்டுச் சொல்லுதேன்.